முப்பத்திரண்டு பிட் கலரில் என் தங்கை கல்யாணம்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தைத் தொடாமல் சும்மா இருப்பதற்கு ஒரு தனிப் பக்குவம் வேண்டும். இருபத்து மூன்று வயதில் எனக்கு அது இல்லை. (இப்போதும் இல்லை என்கிறாள் என் மனைவி. எங்கள் வீட்டு மிக்ஸியைக் கேட்டால் அதுவும் அதையே சொல்லும், பேச முடிந்தால்.)

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் பாஷா பாயின் வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. அங்கே என் பெயர் ‘கம்ப்யூட்டர் கோபால்’. ஊத்தங்கரையில் ஒரு மாடியறையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதால் வந்த பட்டம் அது. இருபது பேருக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். மூன்று மாதத்தில் நான் கீபோர்டைத் தொட்ட மொத்த நேரத்தில் ஒரு சினிமாவை இடைவேளை வரைக்கும்கூடப் பார்க்க முடியாது. ஆனாலும் சான்றிதழில் ‘மிகச் சிறப்பு’ என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதை என் வீட்டார் நம்பினார்கள், ஊர் நம்பியது, கடைசியில் நானும் நம்பிவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாஷா பாய் பெரிய கைகாரர். ஓசூர் கல்யாணங்களில் மாப்பிள்ளையைத் தமிழில் சிரிக்கச் சொல்லி, மாமியாரைத் தெலுங்கில் நகரச் சொல்லி, குறுக்கே போகிறவரைக் கன்னடத்தில் திட்டுவார். கேமரா மட்டும் தோளில் ஆடாமல் நிற்கும். ஆனால் எடுத்ததை வெட்டி ஒட்டுவதற்கு எங்களிடம் இருந்தது இரண்டு டெக்குகள் மட்டும். ஒன்றில் ஓடவிட்டு, இன்னொன்றில் பதிவு செய்து, வேண்டாத இடம் வரும்போது டக்கென்று நிறுத்த வேண்டும். விரல் கொஞ்சம் பிந்தினால் மணப்பெண்ணுக்குப் பாதித் தலை போய்விடும்.

ஒருநாள் பாய் சொன்னார். “பெங்களூர்ல எல்லாம் கம்ப்யூட்டர்லதான் எடிட் பண்றாங்க கோபாலு. நாம இன்னும் ரெண்டு டெக்கை வெச்சிகினு பம்பு அடிக்கிற மாதிரி அடிச்சிகினு இருக்கறம். வாங்கிடலாம்னு இருக்கறன். உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே?”

“தெரியும் பாய்.”

இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைத்திருக்காது.

கம்ப்யூட்டர் வேனில் வந்தது. பஞ்சு மெத்தையில் சுற்றி, பிரசவத்துக்கு வந்த பெண்ணை இறக்குவதுபோல் நான்கு பேர் சேர்ந்து இறக்கினோம். அதற்கென்று ஸ்டூடியோவின் பின்னறையில் ஏசி போட்டிருந்தார் பாய். மார்கழி மாதத்து ஓசூர்க் குளிரில் ஏசி! அந்த அறைக்குள் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு நுழைவோம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் சபரிமலைக்குப் போகிறோமா இமயமலைக்குப் போகிறோமா என்று சந்தேகம் வந்திருக்கும்.

இயந்திரத்தைப் பொருத்த மஞ்சுநாத் என்பவர் பெங்களூரிலிருந்து வந்தார். கன்னடம் மட்டும் பேசுவார். அரை நாள் உட்கார்ந்து ஒயரெல்லாம் மாட்டி, ஏதேதோ பெட்டிகளில் டிக் அடித்து, சிலவற்றில் டிக்கை எடுத்து, கடைசியில் பாய் எடுத்திருந்த ஒரு கல்யாண கேசட்டிலிருந்து இரண்டு நிமிடத்தை அதற்குள் ஏற்றினார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார்.

திரையில் மணப்பெண்ணின் முகம் ரோஜா இதழ்களாக உடைந்து, காற்றில் பறந்து, பறந்த இதழ்கள் ஒன்றுகூடி மாப்பிள்ளையின் முகமாக ஆனது.

பாய் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “சுபானல்லாஹ்” என்றார் மெதுவாக. எனக்குக் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. குளிர் பாதி, மீதி வேறு. நடந்து முடிந்துபோன ஒரு நாளைத் தோசைபோல் வெட்டி, இந்தத் துண்டை அங்கே, அந்தத் துண்டை இங்கே என்று மாற்றி வைக்க முடிகிறது! அழுத கண்ணீரை நடுவழியில் நிறுத்த முடிகிறது! கோயிலில்கூட நான் அப்படி வாயைப் பிளந்து நின்றதில்லை.

கிளம்பும்போது மஞ்சுநாத் ஒரு தாளில் ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார். கலர் பதினாறு பிட்தான் இருக்க வேண்டும். படம் ஏற்றும்போது தரம் நடுத்தரத்தில் இருக்க வேண்டும். திரையில் வேறு எதுவும் ஓடக் கூடாது. இப்படிப் போனது பட்டியல். பிறகு என்னைப் பார்த்து விரலை ஆட்டி, “ஏனூ முட்டபேடி” என்றார்.

நான் சிங்காரப்பேட்டைக்காரன். எனக்கு அப்போது கன்னடம் தெரியாது. ‘நான் என்ன மாடா, முட்டுவதற்கு?’ என்று நினைத்துக்கொண்டேன். எதையும் தொடாதே என்று அர்த்தமாம். தொட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னார். “ஃபிரேம் பித்து ஹோகுத்தே.” ஃபிரேமுக்குப் பித்துப் பிடிக்குமா? மனுஷன் என்னவோ உளறுகிறார் என்று தலையாட்டி அனுப்பிவைத்தேன். (பித்து ஹோகுத்தே என்றால் விழுந்துவிடும் என்று பொருள். பின்னால் தெரிந்துகொண்டேன். மிகவும் பின்னால்.)

அந்தத் தை மாதம் என் தங்கை கலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முனிரத்தினம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். குந்தாரப்பள்ளி அவர்கள் ஊர். அவருடைய அப்பா மாதையன், சந்தையில் மாட்டுத் தரகர். மாதையன் வாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்து ஒரு மாட்டுக்கு வயது சொன்னால், அதன் தாயே வந்து மறுத்தாலும் சந்தையில் எடுபடாது. அதிகம் சிரிக்க மாட்டார். எங்கள் அப்பா அவர் முன்னால் உட்காரும்போது நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

கிருஷ்ணகிரியில் மண்டபம். பாய் கேமரா பிடிக்க, நான் லைட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் சீராக இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்: இந்த வட்டாரத்திலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் எடிட் செய்த கல்யாண கேசட்!

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பாய் வேறொரு வேலையாக அஞ்செட்டிக்குப் போய்விட்டார். காட்டுப் பக்கம், பஸ் குறைவு, மூன்று நாள் கழித்துத்தான் திரும்புவார். “நீயே பாத்துக்கோ கோபாலு, உன் தங்கச்சிதானே” என்று சாவியைக் கொடுத்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு, குல்லாவை மாட்டிக்கொண்டு, மானிட்டர் ஓரத்துத் தாளைப் பார்த்தேன். பதினாறு பிட் கலர்.

இப்போது நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னை நேரில் பார்த்தால் தயவுசெய்து நினைவுபடுத்தாதீர்கள். பதினாறு பிட் என்றால் பதினாறு கலர் என்று நினைத்தேன். பதினாறே கலரில் எப்படி ஒரு கல்யாணத்தைக் காட்டுவது? கலாவின் கூரைப்புடவையில் மட்டுமே பதினேழு கலர் இருக்கும்! மஞ்சுநாத் கஞ்சர் என்று முடிவு கட்டினேன். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். உள்ளேயே இருந்தது முப்பத்திரண்டு பிட். இரட்டிப்பு! அதைத் தேர்ந்தெடுத்தேன். திரையின் துல்லியத்தை நகர்த்தும் குமிழை வலது ஓரத்துக்குத் தள்ளினேன். படம் ஏற்றும் தரத்தில் ‘மிக உயர்ந்தது’ என்று ஒன்று இருந்தது. என் தங்கைக்கு நடுத்தரமா? அதையும் மாற்றினேன். வேலை செய்யும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மீன் நீந்தும் படம் ஒன்றையும் ஓரத்தில் ஓடவிட்டேன்.

கேசட்டை ஓடவிட்டு, கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஆரம்பித்தேன். படம் லேசாகத் தத்தித் தத்தி வந்தது. இயந்திரத்துக்குப் புது இடம், கூச்சம் என்று நினைத்தேன். திரையின் கீழ்மூலையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, பக்கத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஐம்பது, நூறு, இருநூறு. அது வேகத்தைக் காட்டுகிறது என்று நினைத்து, “அடேங்கப்பா” என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். கீழே விழுந்து காணாமல்போன ஃபிரேம்களின், அதாவது படத்துணுக்குகளின், எண்ணிக்கை அது என்று எனக்கு யார் சொல்வது? திரையில் நீந்தும் மீனா சொல்லும்?

நடந்தது இதுதான். நான் ஏற்றிய கலரையும் தரத்தையும் தாங்காத அந்த இயந்திரம், கேசட்டின் ஓட்டத்தோடு ஓட முடியாமல் அங்கங்கே படத்தைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறது. சத்தத்தை மட்டும் ஒரு துளி சிந்தாமல் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு மணி நேரக் கல்யாணம் உள்ளே போனால், சத்தம் ஒரு மணி நேரம் இருக்கும், படம் அதைவிட இரண்டு மூன்று நிமிடம் குறைவாக இருக்கும்.

கவனித்தேனா என்றால், கவனித்தேன். பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக ஏற்றிய படங்களை மேல்வரிசையிலும் சத்தங்களைக் கீழ்வரிசையிலும் அடுக்கியபோது, சட்டைக்குக் கீழே பனியன் தெரிவதுபோல் ஒவ்வொரு சத்தமும் படத்தைவிடக் கொஞ்சம் நீண்டு தெரிந்தது. படங்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் அசிங்கமாக இருக்கும் என்று, மேல்வரிசையைத் தனியாக நெருக்கி ஒட்டினேன். கீழ்வரிசையைத் தனியாக நெருக்கி ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. அவ்வளவுதான், முதல் நிமிடத்தில் நூலளவு இருந்த பிசகு, இரண்டு மணி நேரக் கேசட்டின் கடைசிக்குள் நாலைந்து நிமிடமாக வளர்ந்துவிட்டது. படம் முன்னால் போகும். சத்தம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும்.

இன்னொரு காரியமும் செய்தேன். பந்தி நடந்தபோது பாயிடம் நான் ஒன்று சொல்லியிருந்தேன். கேமராவின் மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததை அப்போது மறந்துவிட்டேன். அது வெளியே வரக் கூடாத பேச்சு. அதனால் பந்திக் காட்சி தொடங்கி முடியும்வரை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, நாதஸ்வர இசையைச் சேர்த்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து ஒரு கேசட்டில் பதிவு செய்தபோது முதல் ஐந்து நிமிடம் பார்த்தேன். எழுத்துகள் பறந்து வந்தன. ரோஜா இதழ்கள் கொட்டின. எனக்கே கண் கலங்கியது. மீதியைப் பார்க்கவில்லை. குந்தாரப்பள்ளி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி. மாதையன் வீட்டுக் கூடத்தில் வாடகைக்கு எடுத்த பெரிய டிவியும் டெக்கும். பங்காளிகள், அக்கம்பக்கத்தார், முனிரத்தினத்தோடு வேலை செய்கிறவர்கள் என்று நாற்பது பேர். சிங்காரப்பேட்டையிலிருந்து எங்கள் அப்பாவும் அம்மாவும் அதிரசத் தூக்கோடு வந்திருந்தார்கள். மாதையன் நடுநாயகமாக நாற்காலியில் உட்கார்ந்து, “சம்பந்தி பையன் பண்ணது. ஓசூர்லயே இவன்கிட்டதான் அந்தப் பொட்டி இருக்குது” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கலா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்து அவளுக்குப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கேசட் ஓட ஆரம்பித்தது. முனிரத்தினத்தின் பெயர் மேலே எங்கிருந்தோ சுழன்று சுழன்று இறங்கியபோது கூடம் ‘ஆ’வென்றது. ஓர் அம்மா எழுந்து வந்து டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இதழ்கள் கொட்டியபோது முன்வரிசைக் குழந்தைகள் கையை நீட்டின. நான் சுவரில் சாய்ந்து, தாடையைத் தடவிக்கொண்டு, பெரிய மனிதன்போல் நின்றேன். என் வாழ்வின் மிகச் சிறந்த ஒன்பது நிமிடங்கள் அவை.

பத்தாவது நிமிடத்தில் ஐயர் வாயைத் திறந்தார், மந்திரம் வரவில்லை. வாயை மூடினார், மந்திரம் வந்தது.

“ஐயருக்கு வயசாயிடுச்சு” என்றார் ஒருவர்.

நான் தாடையைத் தடவுவதை நிறுத்தினேன்.

தாலி கட்டும் காட்சி. முனிரத்தினம் முடிச்சுப் போடுகிறார். அட்சதை பறக்கிறது. மேளக்காரர் உயிரைக் கொடுத்து அடிக்கிறார். சத்தம்? “லைட்டைக் கொஞ்சம் தூக்கு கோபாலு” என்ற பாயின் குரல் மட்டும். மூன்று முடிச்சும் ஏதோ திருட்டுக் கல்யாணம்போல் அமைதியாக நடந்து முடிந்தது. அடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாதையனைக் கேமரா காட்டியது. விடிகாலை முகூர்த்தம், பாவம், தூக்கமில்லை. திரையில் அவர் மெல்ல வாயைத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டார். அந்த வாயிலிருந்து, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கணீரென்று ஒரு குரல் வர, தவிலும் நாதஸ்வரமும் கூடத்தை அதிரவைத்தன.

கூடம் சிரித்தது. மாதையன் சிரிக்கவில்லை. “நான் எப்ப கெட்டிமேளம் சொன்னன்?” என்றார்.

நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டே, “டெக்குல ஏதோ கோளாறு மாமா” என்றேன். பந்திக் காட்சி வந்தது. நாதஸ்வரம் இனிமையாக ஒலித்தது. அப்பாடா, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். நான் அணைத்தது பந்தியின் சத்தத்தை அல்ல, பின்தங்கி வந்துகொண்டிருந்த வேறு எதையோ என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பந்தியின் சத்தம் இன்னும் வழியில் இருந்தது.

பெண்ணை அனுப்பிவைக்கும் காட்சி. எங்கள் அம்மா கலாவைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். கூடத்தில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். அம்மாவின் உதடு துடிக்கிறது, வாய் திறக்கிறது. ஒரு கட்டைக்குரல்: “டேய், சாம்பார் வாளி எங்கடா?”

கலா தேம்பித் தேம்பி எதையோ சொல்கிறாள். “இலைக்கு ஒண்ணுதான் வை, லட்டு கொஞ்சந்தான் இருக்குது!”

முனிரத்தினத்தின் நண்பர்கள் தரையில் உருண்டார்கள். நான் டெக்கை நோக்கிப் பாய்ந்தேன். நாற்பது பேரைத் தாண்ட வேண்டும். பாதி தூரத்தில் இருக்கும்போதே திரையில் எங்கள் அப்பா வந்துவிட்டார். மாதையன் முன்னால் இரண்டு கையையும் கூப்பி நிற்கிறார். ‘எங்க பொண்ணைப் பாத்துக்கங்க சம்பந்தி’ என்று சொல்வதற்காக வாயைத் திறக்கிறார். திறந்த வாயிலிருந்து என் குரல் வந்தது.

“பாய், எங்க சம்பந்தியைப் பாருங்க. சீர்ப் பாத்திரத்தையெல்லாம் தட்டித் தட்டிப் பாக்கறாரு. வுட்டா எங்க கலாவையும் வாயைத் தொறக்கச் சொல்லிப் பல்லைப் புடிச்சுப் பாப்பாரு!”

தொடர்ந்து பாயின் சிரிப்பு. நீளமான, மனம் விட்ட சிரிப்பு.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து, “நான் சொல்லலீங்க… வாய் என்னுதுதான், பேச்சு என்னுது இல்லீங்க” என்றார். அதற்குள் நான் டெக்கை எட்டிவிட்டேன். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அதாவது, அழுத்தியதாக நினைத்தேன். அழுத்தியது அதற்குப் பக்கத்துப் பொத்தான். படம் விர்ரென்று பின்னால் போய், மறுபடி ஓடியது. அப்பா மறுபடி கையைக் கூப்பினார். மறுபடி வாயைத் திறந்தார். காது சரியாகக் கேட்காதவர்களுக்கும் இந்த முறை தெளிவாகக் கேட்டது.

மாதையன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பின்பக்கம் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

கலா என் பக்கத்தில் வந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. “ணா, நான் இந்த வூட்லதான் இருக்கணும்” என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடத்தில் என்னை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். அந்த ஐந்து வார்த்தை மாதிரி எதுவும் சுட்டதில்லை.

அப்போதுதான் அவள் மாமியார் பச்சையம்மாள் சிரித்தார். அதுவரை கலாவிடம் ‘தண்ணி எடு’, ‘விளக்கு ஏத்து’ தவிர வேறு எதுவும் பேசாத மனுஷி. சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் இந்த மனுசன் பல்லைத்தான் பாத்தாரு! இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்! இங்க வா கலா, உக்காரு. உன் அண்ணன் பொய்யா சொன்னான்?” என்று அவளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கூடம் இடிந்து விழாத குறை.

ஆனால் கொட்டகைக்குப் போனவர் திரும்பவில்லை. நான் போனேன். மாதையன் ஒரு காளைக்கு வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, தப்பு என்மேலதான்.”

காளை மட்டும் என்னைப் பார்த்தது.

“அந்தப் பேச்சு உங்கப்பா பேசுனதா, நீ பேசுனதா?”

“நான்தான் மாமா.”

“பின்ன ஏன் அவரு வாயில வந்துச்சு?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட், மீன், விழுந்துபோன ஃபிரேம், மேல்வரிசை, கீழ்வரிசை. ஒரு மாட்டின் முன்னால் நின்று கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் வைக்கோலைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார்.

“அப்ப, ஒருத்தன் பேச்சைப் புடுங்கி இன்னொருத்தன் வாயில வெக்குமா அந்தப் பொட்டி?”

“வெக்கும் மாமா.”

அவர் முகத்தில் கோபம் எங்கோ போய், வேறு ஒன்று வந்திருந்தது. பாய் குல்லாவைக் கழற்றியபோது அவர் முகத்தில் பார்த்தேனே, அதே.

“நான் அதைப் பாக்கணும்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாக ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். அஞ்செட்டியிலிருந்து திரும்பியிருந்த பாய், தன் சிரிப்பும் கேசட்டில் இருந்ததைக் கேள்விப்பட்டு, அவருக்குத் தன் நாற்காலியையும் தன் குல்லாவையும் கொடுத்தார். தகவல் சொல்லி வரவழைத்திருந்த மஞ்சுநாத் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். செட்டிங்ஸைத் திறந்தார். மீன் நீந்திக்கொண்டிருந்தது.

“இதன்ன யாரு முட்டிதுரு?”

இந்த முறை எனக்குப் புரிந்தது. “நான்தான் முட்டினேன்” என்றேன்.

பிறகு அவர் கன்னடத்தில் கொட்ட ஆரம்பித்தார். அங்கேதான் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் வெளிப்பட்டது. சந்தையில் பாதி வியாபாரம் கன்னடக்காரர்களோடு என்பதால் மாதையனுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. குல்லாவுக்குள்ளிருந்து ஒவ்வொரு வசவையும் ரசித்து ரசித்து எனக்குத் தமிழில் சொன்னார்.

“பதினாறு பிட்டுன்னா பதினாறு கலர் இல்லையாம். அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சமாம்.”

“சரிங்க மாமா.”

“அது உன் கண்ணுக்கு மேல போதுமாம்.”

“சரிங்க மாமா.”

“இப்ப ‘கத்தே’ன்னாரே, அது கழுதை.”

“புரிஞ்சுது மாமா.”

“இல்ல, தெரியாம இருந்தா சொல்லலாம்னுதான்.”

மஞ்சுநாத் எல்லாவற்றையும் பழையபடி குறைத்துவைத்தார். முதலிலிருந்து ஏற்றினோம். கீழ்மூலையில் அந்த எண் பூஜ்யத்திலேயே நின்றது. மாதையன் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. அந்தத் திரையை, சந்தையில் யாரும் கண்டிராத ஒரு மிருகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் மஞ்சுநாத் எதையோ தேடிப் படத்தை மெல்லப் பின்னோக்கி நகர்த்தினார். தரையில் கிடந்த அட்சதை எழும்பிப் பறந்து அவரவர் கைக்குத் திரும்பியது. முனிரத்தினத்தின் விரல்கள் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தன. தாலி கலாவின் கழுத்தைவிட்டு விலகியது.

“டேய்! டேய்! அவுக்காத! அவுக்காதடா!”

மாதையன் எழுந்து நின்று கத்திய கத்தலில் பாயின் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது. மஞ்சுநாத் பதறிப்போய்ப் படத்தை முன்னால் விட்டார். முடிச்சு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கெட்டிமேளம் சரியாக அதே நொடியில் முழங்கியது. மாதையன் குல்லாவைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார். மகனுக்கு இரண்டாவது முறையாகக் கல்யாணம் நடந்ததைப் பார்த்த தகப்பன்போல் கை கூப்பி நின்றார். நாங்கள் மூன்று பேரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஏசியைப் பார்த்தோம்.

கடைசியில் பந்தி வந்தது. இப்போது படமும் சத்தமும் ஒன்றோடொன்று கைகோத்து வந்தன. இலைகளுக்குப் பின்னால், மண்டபத்து ஓரத்தில், சீர்வரிசைக்கு முன்னால் குனிந்து நிற்கிறார் மாதையன். ஒரு பித்தளைத் தவலையைத் தட்டுகிறார். காதை வைத்துக் கேட்கிறார். அடுத்ததைத் தட்டுகிறார். அதற்குமேல் என் குரல். நான் தலையைக் குனிந்துகொண்டு, அதை அழிக்க மௌஸைக் கேட்டு வாங்கினேன்.

“இரு” என்றார் மாதையன். “இன்னொருவாட்டி போடு.”

மூன்று முறை பார்த்தார்.

“தட்டித்தான் பாத்திருக்கறன்” என்றார். “இருக்கட்டும், வுடு.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா பல்லு பாக்கல. அதை மட்டும் எடுத்துடு.”

அப்படியே செய்தோம். என் கையால், மஞ்சுநாத் மேற்பார்வையில், சரியாக அந்தப் பல் விவகாரத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். இன்றும் அந்தத் திருத்திய கேசட்டில் நான் சம்பந்தி பாத்திரத்தைத் தட்டுவதைச் சொல்வேன், பாய் காரணமே இல்லாமல் அரை நிமிடம் சிரிப்பார்.

ஆனால் அதை யார் பார்த்தார்கள்? உறவுக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனதெல்லாம் பழைய கேசட்டைத்தான். சூளகிரியில் ஒரு வீட்டில், காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டில் என்று அது ஊர் ஊராகச் சுற்றி, நாடா தேய்ந்து அறுந்த பிறகுதான் ஓய்ந்தது. கொட்டாவி விட்டால் ‘கெட்டிமேளம்’ என்று யாராவது சொல்வது இரண்டு குடும்பத்திலும் வழக்கமாகிவிட்டது. கலாவும் பச்சையம்மாளும் அன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள், பிறகு எனக்கு எதிராக எப்போதும் ஒரே கட்சி. நான் பிற்பாடு கிருஷ்ணகிரியில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்து நூற்றுக்கணக்கான கல்யாணங்களை எடிட் செய்துவிட்டேன். எந்தப் புது இயந்திரம் வந்தாலும், அதை முதன்முதலாகத் தொடும்போது இன்னும் எனக்குக் கை கூசும். குடும்பத்தில் அதற்கெல்லாம் மதிப்பில்லை.

போன ஐப்பசியில் குந்தாரப்பள்ளி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே நல்ல மழை. ஜன்னல் முழுக்க வெள்ளையாக ஒரு மின்னல் வெட்டியது. எல்லாரும் காத்திருந்தோம். ஐந்தாறு விநாடி கழித்துத்தான் இடி உருண்டு வந்தது. கலாவின் மகள் கல்லூரிப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“கோபால் மாமா எடிட் பண்ணது.”

கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்த மாதையன், காது மந்தமாகிவிட்டதால் பச்சையம்மாள் சத்தமாகத் திருப்பிச் சொன்னதைக் கேட்டு, தனியாகச் சிரிக்க ஆரம்பித்தார்.